பொன்னேரியில் ஒரு சைக்கிள்

அன்புள்ள அக்கா,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். மருந்துக்கடையில் வேலை, ஞாயிறு மட்டும்தான் லீவு. மகனுக்கு 14 வயது. அவனிடம் கியர் சைக்கிள் இருக்கிறது. நானும் ஓட்டுவேன். அவனோடு படிக்கும் பையன்கள் சிலர் அப்பா காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு ஈசிஆர் போய் வருகிறார்கள். நாம் எப்போது போவது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். எங்களிடம் கார் இல்லை. இங்கே கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் அவனை விட எனக்குத் தைரியமும் இல்லை. நீங்கள் பழவேற்காடு சாலையைப் பற்றி எழுதியதைப் படித்தபோது, ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனால் என்ன என்று தோன்றியது. ஸ்டேஷனில் விசாரித்தேன். ஒருவர் பார்சலில் புக் பண்ண வேண்டும் என்றார். இன்னொருவர் கூடை வியாபாரிகள் ஏறுகிற வெண்டர் பெட்டியில் ஏற்றிவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். எது சரி? நாங்கள் இரண்டு பேர் மட்டும் போவது பத்திரமா?

ம., தண்டையார்பேட்டை

அன்புள்ள ம.,

தாராளமாகப் போங்கள். ஆனால் சைக்கிளை ரயிலில் ஏற்ற வேண்டாம். பழவேற்காடு சாலைக்கு நீங்கள் இறங்க வேண்டிய பொன்னேரியிலேயே ஆளுக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கி, ஸ்டேஷன் பக்கத்து ஸ்டாண்டில் விட்டுவையுங்கள். நீங்கள் இருவரும் வெறுங்கையோடு ரயிலேறினால் போதும்.

நம் பக்கத்தில் சைக்கிள் இல்லாத தெரு கிடையாது. மீன் எடுக்கப் போகிறவர், மணலியில் ஷிஃப்டுக்குப் போகிறவர், தண்ணீர் கேன் போடுகிற பையன் என்று எல்லாரும் ஓட்டுகிறார்கள். வேலைக்கு ஓட்டுகிற இந்த ஊருக்கு, ஆசைக்கு ஓட்ட ஒரு சாலை இல்லை. திருவொற்றியூர், பொன்னேரி, பஞ்செட்டி மூன்றையும் இணைக்கும் டிபிபி சாலையில் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். டேங்கர் லாரியும் கன்டெய்னரும் ஓடுகிற சாலை அது. 14 வயதுப் பிள்ளையோடு அதில் போகவே போகாதீர்கள். நல்ல சாலை பொன்னேரிக்குக் கிழக்கேதான் தொடங்குகிறது. அதுவரைக்கும் உள்ள சுமார் 30 கிலோமீட்டரை ரயிலுக்கு விட்டுவிட வேண்டும். சென்ட்ரல் பக்கமிருந்து வருகிற வண்டி, பீச் பக்கமிருந்து ராயபுரம் வழியாக வருகிற வண்டி, இரண்டுமே கொருக்குப்பேட்டைக்கு வந்து உங்கள் தண்டையார்பேட்டையைத் தாண்டித்தான் கும்மிடிப்பூண்டி போகின்றன. அந்த வகையில் உங்களுக்கு அமைந்த வசதி அடையாறுக்காரருக்குக்கூட இல்லை.

சரி, ஏன் ஏற்ற வேண்டாம் என்கிறேன்? எலக்ட்ரிக் ட்ரெயின் வாசலை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். அகலமான வாசல்தான், ஆனால் நடுவில் ஒரு கம்பி நிற்கிறது. சைக்கிளை நேராகத் தள்ளினால் ஹேண்டில்பார் அதில் இடிக்கும். திருப்பி, முன்சக்கரத்தைத் தூக்கி, பெடல் யார் காலிலும் படாமல் உள்ளே இழுப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும். சின்ன ஸ்டேஷன்களில் சில விநாடிகள்தான் நிற்கிறது. அதற்கு முன்னால் நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். படியோரமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போக ஒரு சிமென்ட் வாய்க்கால் மாதிரி வைத்துக் கொடுத்தால் எவ்வளவோ பேருக்கு உதவும். செலவும் பெரிதாக ஆகாது. இதை நாம் கேட்க வேண்டும், விடாமல் கேட்க வேண்டும்.

வெண்டர் பெட்டி வேண்டாம் என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. அங்கே இடம் இருப்பது போலத் தெரியும், தரை முழுக்கத் திறந்து கிடக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நம் வீடுகளில் மீன் வாங்கும் நாள். அன்றைக்குத்தான் கூடைக்காரப் பெண்களுக்கு அந்தத் தரை முழுக்கத் தேவைப்படும். காசிமேட்டில் இருட்டோடு ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்களுடைய பெட்டி அது. யாரும் கேட்க மாட்டார்கள் என்று உங்களிடம் சொன்னார்களே, அந்தப் பெண்களும் கேட்க மாட்டார்கள்தான். கூடையை ஒடுக்கிக்கொண்டு இடம் விடுவார்கள். அதனால்தான் அங்கே ஏற்றக் கூடாது என்று நினைக்கிறேன். சைக்கிள்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தனி இடம் வேண்டும் என்று ரயில்வேயிடம் கேட்கலாம். கூடை இறங்குகிற இடத்தில் பங்கு கேட்கக் கூடாது.

மடக்கு சைக்கிள் ஒரு வழி. 12 முதல் 15 கிலோ எடை வரும். உறையில் போட்டால் பார்ப்பவர்களுக்கு ஒரு மூட்டை. ஆனால் இரண்டு வாங்க வேண்டும், விலையும் அதிகம். உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

நான் சொல்கிற வழி புதிதும் இல்லை. நெதர்லாந்தில் நிறையப் பேர் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு சைக்கிள், இறங்குகிற ஊரில் இன்னொரு பழைய சைக்கிள் என்று வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்துக்கொள்ளாதவர்களுக்கு ஸ்டேஷனிலேயே வாடகை சைக்கிள் உண்டு. 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிவிட்டுப் போன அதே டச்சுக்காரர்கள்தான். பொன்னேரி ஸ்டேஷன் வாசலில் இருபது வாடகை சைக்கிள் நிறுத்தினால் வடசென்னைக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும். அது வரும்வரை ஸ்டாண்டுதான்.

பொன்னேரியைச் சுற்றியுள்ள கிராமத்துக்காரர்கள் வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டுத்தான் பட்டணத்துக்கு ரயிலேறுகிறார்கள். நீங்கள் அதையே திருப்பிச் செய்யப் போகிறீர்கள். ஸ்டாண்டுக்காரரிடம் மாதக் கணக்குப் பேசுங்கள். கூரைக்கடியில், சுவரோரமாக இடம் கேளுங்கள். மகனுடைய கியர் சைக்கிளை அங்கே கொண்டுபோய் விடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வைக்கிற இடத்தில் கியர் வளைந்துவிடும். பொன்னேரியிலேயே பழைய சைக்கிள் விசாரித்து வாங்குங்கள், கியர் தேவையே இல்லை. அங்கிருந்து பழவேற்காடு ஏரி வரைக்கும் மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது.

வாரம் முழுக்க நிற்கிற சைக்கிளுக்கு இரண்டு வியாதி வரும். உப்புக்காற்றில் செயின் துருப்பிடிக்கும். கிளம்புமுன் மண்ணெண்ணெயோ டீசலோ நனைத்த துணியால் துடைத்துவிட்டு நாலு சொட்டு எண்ணெய் விடுங்கள். இன்னொன்று வால்டியூப். பழைய சைக்கிள்களில் காற்றைப் பிடித்து வைப்பது அந்தச் சின்ன ரப்பர் குழாய்தான். வெயிலில் அது விறைத்து வெடித்துவிடும், சக்கரம் தானாக இறங்கியிருக்கும். பஞ்சர் என்று நினைத்து டியூபைக் கழற்றாதீர்கள். விரல் நீளத் துண்டு ஒன்றைப் பர்ஸில் வைத்திருங்கள், மாட்ட ஒரு நிமிஷம் ஆகாது. கைப்பம்பும் பஞ்சர் ஒட்டுகிற சாமானும் கட்டாயம் வேண்டும். ஏரிக்கரைகளில் சீமைக்கருவேல முள் கிடக்கும், ஞாயிறு காலையில் பஞ்சர் கடை திறந்திருக்காது.

வழியைப் பொறுத்தவரை மீஞ்சூரில் இறங்க வேண்டாம். அங்கிருந்து காட்டூர் வழியாகப் பழவேற்காடு போகலாம் என்றாலும், மீஞ்சூரைச் சுற்றித் துறைமுக லாரிகள். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை. நடுவில் பொன்னேரிதான் அமைதி. ஊரைத் தாண்டி, திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு, ஒரு பக்கம் 20 கிலோமீட்டருக்குள். முதல் தடவை திருப்பாலைவனத்தோடு திரும்பிவிட்டால்கூடப் போதும், இரண்டு பக்கமும் வயல்தான். அறுவடைக் காலத்தில் சாலையின் பாதியில் நெல் காயும், ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். நெல்லின் மேல் ஏற்றாதீர்கள், மகனிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வைக்கோல் கிடக்கிற இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஒரு பிரி செயினுக்குள் போனால் பின்சக்கரத்தையே கட்டிப்போட்டுவிடும்.

காற்றையும் கணக்கில் வையுங்கள். கோடையில் விடிகாலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும், முன்பகல் தாண்டியதும் கடல்காற்று திரும்பி மேற்கே அடிக்கும். போகும்போதும் முதுகில், வரும்போதும் முதுகில். ஆனால் அப்போது வெயில் கொளுத்தும். தையிலும் மாசியிலும் வெயில் இதம், ஏரியில் பூநாரைகளும் இருக்கும். வாடைக்காற்று மட்டும் போகும்போது முகத்தில் அடிக்கும். எனக்குப் பிடித்தது இந்த மாதங்கள்தான். மிதித்துக் களைத்துப்போய் அந்தத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். பழவேற்காட்டில் டச்சுக் கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய தூண்களை மகனுக்குக் காட்டுங்கள். படகில் மட்டும் ஏறாதீர்கள், யார் எவ்வளவு அழைத்தாலும். 2011 கிறிஸ்துமஸ் அன்று அந்த ஏரியில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இரண்டு பேர் மட்டும் போவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மகனுக்கு 14 ஆகிவிட்டதால் மகளிர் பெட்டியில் ஏற முடியாது, பொதுப்பெட்டியில் போங்கள். ஞாயிறு காலையில் கூட்டம் இருக்காது. சாலையில் பகலெல்லாம் ஆள் நடமாட்டம் உண்டு, ஊருக்கு ஊர் டீக்கடை உண்டு. இருட்டிய பிறகு வேண்டாம், தெருவிளக்கு இல்லாத இடங்கள் இருக்கின்றன. ஞாயிறு அட்டவணையில் வண்டிகள் குறைவு. டெல்லி, விஜயவாடா எக்ஸ்பிரஸ்களுக்கு வழிவிட்டு நம் வண்டி ஓரமாக நிற்பதும் உண்டு. திரும்பும் வண்டியைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

வருகிற ஞாயிறு சைக்கிள் இல்லாமலே இருவரும் பொன்னேரி வரைக்கும் ஒரு தடவை போய் வாருங்கள். ஸ்டாண்டைப் பார்த்துப் பேசுங்கள், பழவேற்காடு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையைப் பாருங்கள். மகனுக்குப் பிடித்திருந்தால் சைக்கிளை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.