முதல் ரெண்டு இயலே 140 பக்கமா?

உங்க ஆய்வேடு திருநெல்வேலி மாவட்டக் குளத்துப் பாசனம் பற்றியது, 1970 முதல் 2022 வரை; முதல் ரெண்டு இயலே 140 பக்கம், எதை வெட்டுவதுன்னு கேட்டிருக்கீங்க தம்பி.

முதலில் ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்க. அதற்கு விடை சொல்ல உதவாத பத்தியெல்லாம் பின்னிணைப்புக்குப் போகட்டும். தாமிரபரணி அணைக்கட்டுகளின் வரலாறு நாலு பக்கம் போதும்.

எனக்குக் கவலை உங்க அட்டவணை பற்றித்தான். 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டமாயின. மாவட்டப் புள்ளிவிவரத்தை அப்படியே வரிசையாகப் போட்டால் அந்த ரெண்டு இடத்திலும் பாசனப் பரப்பு சரிந்த மாதிரி தெரியும். உண்மையில் சுருங்கியது மாவட்ட எல்லை. வட்டவாரிக் கணக்கை எடுத்து, எல்லா ஆண்டுக்கும் பழைய எல்லைப்படியே கூட்டுங்க. வட்டங்களும் இடையில் பிரிந்திருக்கின்றன, கவனம். இந்த முடிவையும் காரணத்தையும் ஆய்வுமுறை இயலின் தொடக்கத்திலேயே சொல்லிடணும். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே இதுவாக இருக்கலாம்.

கார், பிசானம் என்ற ரெண்டு நெல் பருவத்தையும் தனித்தனியாகக் காட்டுங்க. கூட்டினால் இருபோக வயல் ரெண்டு தடவை எண்ணப்படும். அப்படி வருவது மொத்தப் பரப்பு; ஒரு வயலை ஒரே தடவை எண்ணும் நிகரப் பரப்பு ஆகாது.

எழுதும்போது ஆய்வுமுறை, முடிவுகள், விவாதம் என்று போங்க. முன்னுரையைக் கடைசியில் திருத்தி எழுதுங்க. முடிவுகள் இயலுக்கான அட்டவணைகளை இந்த வாரமே போட்டு, ஒவ்வொன்றின் கீழும் அது காட்டுவதை ரெண்டு வரியில் எழுதி நெறியாளரிடம் கொடுங்க.