சங்கத்துக்கு எழுதும் பதில் சங்கத்தோடு நிற்காது

கேள்வி: மாவட்டத் தலைநகர் ஒன்றில் சொந்தமாக கிளினிக் வைத்திருக்கும் சர்ஜன் நான். வேறிடத்தில் ஹெர்னியா ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர், மறுபடியும் வீக்கம் என்று என்னிடம் வந்தார். நான்தான் மறு ஆபரேஷன் செய்தேன். ‘முதலில் செய்தவர் மெஷ்ஷை (உள்ளே வைக்கும் வலை) சரியாக வைக்கவில்லை’ என்று நோயாளியிடம் சொல்லி அவருடைய நோயாளிகளை இழுப்பதாக, முதல் ஆபரேஷன் செய்த சீனியர் எங்கள் மருத்துவர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறார். நெறிமுறைக் குழு 15 நாளில் விளக்கம் கேட்கிறது. குழுத் தலைவரும் அவரும் ஒரே பேட்ச். 18 வருட உறுப்பினர் நான். ஒருவர்கூட போன் செய்து கேட்கவில்லை. சங்க வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்கேனையே போட்டுக் கேட்டேன், யாரும் வாய் திறக்கவில்லை. ராஜினாமா செய்துவிட்டு மானநஷ்ட வழக்குப் போடலாமா? அனுப்பப்போகும் பதிலை இணைத்திருக்கிறேன்.

பதில்: டாக்டர், உங்கள் பதிலின் 11 பக்கத்தையும் படித்தேன். பெரும்பகுதி அந்த சீனியர் இத்தனை வருடமாக உங்களுக்குச் செய்தது. அதையெல்லாம் எடுத்துவிடுங்கள். எனக்குக் கவலை 7-ம் பக்கத்தில் இருக்கும் ஒரே வாக்கியம்: “அப்படிச் சொன்னது உண்மைதான், சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.”

சங்கம் என்பது பதிவு செய்யப்பட்ட ஒரு அமைப்பு, அவ்வளவுதான். கண்டிக்கலாம், உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கலாம். மருத்துவராகத் தொழில் செய்ய உரிமை தரும் உங்கள் பதிவைத் தொடும் அதிகாரம் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடம் இருக்கிறது. நோட்டீஸின் கடைசி வரியை மறுபடி படியுங்கள்: ‘தேவைப்பட்டால் கவுன்சிலின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்படும்.’ நீங்கள் பதில் எழுதுவது அந்த வரிக்குத்தான்.

ஒரே பேட்ச் என்ற வாதம் பெரிதாக உதவாது. சின்ன ஊர்ச் சங்கத்தில் எல்லோரும் யாருக்காவது பேட்ச்மேட்தான். ஆட்சேபத்தை ஒரு வரியில் பதிவு செய்துவிட்டு நகருங்கள். இப்படிப்பட்ட உள் நடவடிக்கைகளில் நீதிமன்றம் எவ்வளவு தலையிடும் என்பதை, ஃப்ரீமேசன் என்ற சகோதர அமைப்பின் கிளை (லாட்ஜ்) தன் உறுப்பினரை நீக்கிய டி.பி. டேவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறுபதுகளிலேயே சொல்லிவிட்டது. சங்கம் தன் விதியை மீறியதா, இயற்கை நீதியை, அதாவது இரு தரப்பையும் கேட்கும் நியாயத்தைப் பின்பற்றியதா, நல்லெண்ணத்தோடு செய்ததா என்றுதான் பார்ப்பார்கள். முடிவு சரியா என்று அல்ல. மானநஷ்டமும் பலவீனம்தான். அதிகாரம் உள்ள இடத்தில் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாருக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-லும் இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-லும் விதிவிலக்கு உண்டு.

இனி, நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் விபத்துக்கு வருகிறேன். என்னிடம் வந்த ஒரு கண் மருத்துவர், சங்கத்தில் ‘சமாதானமாக முடியட்டும்’ என்று “சற்றுக் கவனக்குறைவு நேர்ந்திருக்கலாம்” என எழுதிக் கொடுத்தார். சங்கம் கண்டித்துவிட்டு விட்டுவிட்டது. எதிர்த்தரப்புக்கும் ஒரு நகல் போயிருந்தது. ஒரு வருடம் கழித்து நுகர்வோர் ஆணையத்தில் வந்த மனுவில், இணைப்பு 9 அந்தக் கடிதம். அவருடைய கையெழுத்து, அவருடைய லெட்டர்ஹெட். நோயாளிக்கு இழப்பீடு கொடுக்க நேர்ந்தால் ஈடுகட்டும் இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் கம்பெனியிடம் போனார். எங்களைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொண்டீர்கள், பாலிசி நிபந்தனை மீறல் என்று கை விரித்துவிட்டார்கள். இழப்பீட்டைத் தன் பையிலிருந்து கொடுத்தார். உங்கள் பாலிசியிலும் அந்த நிபந்தனை இருக்கும், எடுத்துப் பாருங்கள். பாலிசி சங்கத்தின் திட்டம் வழியாக எடுத்ததென்றால், ராஜினாமா கடிதத்தோடு அதுவும் போய்விடலாம்.

உங்கள் நிலைமை இதைவிடச் சிக்கல். ‘மெஷ் தவறாக வைக்கப்பட்டிருந்தது’ என்று நீங்கள் எழுதிய நொடியில், அந்த நோயாளி சீனியர் மேல் வழக்குப் போட்டால் முதல் சாட்சி நீங்கள். அவர் தரப்பு வக்கீல் சும்மா இருப்பாரா? ஹெர்னியா திரும்ப வருவது எந்தக் கையிலும் நடக்கும், கெடுத்தது இரண்டாவது ஆபரேஷன்தான் என்று திருப்புவார். இரண்டாவது ஆபரேஷன் உங்களுடையது.

மருத்துவர்களுக்கான 2002 நெறிமுறை விதிகளில், சக மருத்துவரின் தவறைப் பயமின்றி வெளிப்படுத்து என்று இருப்பதை நீங்கள் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். உரிய அமைப்பிடம் போயிருந்தால் அது கவசம். கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியிடம் சொன்னதற்கு அது ஓடாது. அப்புறம், தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளை ஏன் இழுத்தீர்கள்? அவை வந்த அதே ஆகஸ்டில் நிறுத்திவைக்கப்பட்டுவிட்டன.

எல்லாவற்றையும்விட மோசம் அந்த ஸ்கேன். படத்தின் மூலையில் நோயாளியின் பெயரும் வயதும் தெரிகிறது. புகாரில் உங்கள் மேல் சொல்லப்படுவது ‘சொன்னதாக’ என்ற அளவில்தான். ரகசியத்தை வெளியிட்டதோ குரூப் முழுக்கப் பார்த்தது. இன்றே எடுத்துவிடுங்கள், உங்களால் முடியாவிட்டால் அட்மினிடம் சொல்லுங்கள். என்ன போட்டீர்கள் என்பதற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் உங்களிடம் இருக்கட்டும். பிறகு கேள்வி வந்தால், போடவே இல்லை என்று சொல்லக் கூடாது.

சமாதானமாகப் போங்கள். கோபம் வரும், தெரியும். ஆனால் இருவரும் தோற்கக்கூடிய வழக்கு இது, அது அவருக்கும் தெரிந்திருக்கும். மூத்த உறுப்பினர் ஒருவர் முன்னால் உட்கார்ந்து, “என் பேச்சு அப்படிப் பொருள் தந்திருந்தால் வருந்துகிறேன்” என்ற அளவில் நிறுத்துங்கள். ‘தவறு’, ‘கவனக்குறைவு’ என்ற சொற்கள் எங்கும் வரக் கூடாது. பேச்சுவார்த்தைக் கடிதம் ஒவ்வொன்றிலும் ‘வித்தவுட் பிரஜுடிஸ்’ (இதைப் பிறகு எனக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது) என்ற குறிப்பு இருக்கட்டும். அவர் புகாரைத் திரும்பப் பெற்றது குழுவின் மினிட்ஸில் ஏற வேண்டும், அதன் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். இது நோயாளியையோ கவுன்சிலையோ கட்டுப்படுத்தாது என்பதையும் மனதில் வையுங்கள்.

அதுவரை குழுவுக்கு ஒரு பக்கம் போதும்: நோயாளி எந்தத் தேதியில் வந்தார், பரிசோதனையில் என்ன கண்டீர்கள், என்ன ஆலோசனை சொன்னீர்கள். கேஸ் ஷீட்டில் இருப்பது மட்டும். அந்த ஒரு பக்கத்தையும் முதலில் இன்டெம்னிட்டி கம்பெனிக்கு அனுப்புங்கள். அவர்கள் சரி என்ற பிறகு சங்கத்துக்கு.