ஹோட்டலில் 'டேபிள் டர்ன்ஓவர்' என்றால் என்ன?

ஒரு வேளைச் சாப்பாட்டு நேரத்தில் ஒரே மேசையில் எத்தனை முறை புது ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிறார்கள் என்கிற கணக்குதான் இது. 80 இருக்கை உள்ள ஹோட்டலில் மதியம் 240 பேர் சாப்பிட்டால் டர்ன்ஓவர் 3.

ஏன் இதைக் கணக்குப் பார்க்கிறார்கள்? வாடகை, மாஸ்டர் சம்பளம், கரண்ட் எல்லாம் கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான், ஆனால் வரவு இருக்கையில் ஆள் இருந்தால் மட்டுமே. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகிற பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்: காவேரிப்பட்டணத்தில் ஒருவர் இறங்கி அதே சீட்டில் இன்னொருவர் ஏறினால் ஒரு சீட்டுக்கு இரண்டு டிக்கெட், டீசல் செலவு கிட்டத்தட்ட அதேதான்.

சென்னை, சேலம், பெங்களூரு சாலைகள் சந்திக்கிற கிருஷ்ணகிரியில் பைபாஸ் ஹோட்டல்களுக்கு இது உயிர்நாடி. வண்டியை நிறுத்துகிறவருக்கும் அவசரம், அதனால் இட்லி, பொங்கல் மாதிரி உடனே பரிமாறக்கூடியவை முதலில் வரும். குடும்பத்தோடு நிதானமாக உட்காருகிற ஏசி ஹாலில் இதே வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது, அங்கே ஒரு மேசையின் பில் தொகைதான் பெரிதாக இருக்கும்.

சாப்பிடுகிறவரை சீக்கிரம் எழுப்பிவிடுவதுதான் டர்ன்ஓவர் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. நேரம் வீணாவது பெரும்பாலும் எச்சில் இலை எடுக்காமல் கிடக்கிற மேசையிலும், ஆர்டர் எடுக்க ஆள் வராததிலும், கை கழுவி வந்தும் பில் வராமல் காத்திருப்பதிலும்தான்.