ஆட்டிசம் உள்ள குழந்தை வீட்டில் பேசுவதைப் பள்ளியில் பேசாதது ஏன்?

இரண்டாம் வகுப்பில் படிக்கும் ஆட்டிசம் உள்ள உங்கள் மகன், வீட்டில் கேட்டு வாங்கும் தண்ணீரை வகுப்பில் கேட்பதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்தில் பயன்படுத்துவது இக்குழந்தைகள் பலருக்குக் கடினம். வீட்டில் 'தண்ணி' என்றும் பள்ளியில் 'தண்ணீர்' என்றும் சொல் மாறினாலே (பேச்சும் எழுத்தும் வேறான நம் மொழியில் இது அடிக்கடி நேர்வதுதான்) அது அவர்களுக்குப் புதிய பாடமாகிவிடக்கூடும். ஆகவே எந்தச் சொல், எந்தப் படம், எந்தச் சைகை என்பதை ஆசிரியரும் நீங்களும் பேசி முடிவு செய்து, இரண்டு இடங்களிலும் அதையே பயன்படுத்துங்கள்.

இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். "இரவு சரியாகத் தூங்கவில்லை" என்று காலையில் நீங்களும், "மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விட்டான்" என்று மாலையில் ஆசிரியரும் எழுதிவந்தால், அடம் என்று தோன்றியது உண்மையில் ஒலியைத் தாங்க முடியாத தவிப்பு என்பது சில வாரங்களில் புலப்படலாம். மணி அடிக்குமுன் ஒரு படத்தைக் காட்டி அறிவிப்பதும், மணியிலிருந்து தள்ளி அமர வைப்பதும் ஆசிரியருக்குப் பெரிய வேலையல்ல. குறைகள் மட்டுமே நிறைந்த நோட்டைத் திறக்கப் பெற்றோரே அஞ்சுவர் என்பதால், அவன் நன்றாகச் செய்த ஏதேனும் ஒன்றும் தினமும் அதில் இடம்பெறட்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் ஆட்டிசமும் அடங்கும். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி அவனைப் பாகுபாடின்றிச் சேர்த்து, தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும். மாற்றுத்திறனாளி சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். பிற்காலத்தில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கோரும்போதும் அது தேவைப்படும்.