அவள் கீழே நிற்கும்போது மேலே யார்?

அன்புள்ள சார்,

போன வாரம் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ‘லா காசா மூதா’ பார்த்தோம். ‘தி சைலன்ட் ஹவுஸ்’ என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்களே, அந்த உருகுவே படம். முதல் அரை மணி நேரம் ஒருத்தரும் போனைத் தொடவில்லை. அவ்வளவு பயம். படம் முடிந்ததும் சண்டை ஆரம்பித்தது. கடைசித் திருப்பம் எனக்குக் கொஞ்சமும் ஒட்டவில்லை. “அது சைக்கலாஜிக்கல் படம், அவள் மனசுக்குள் நடப்பது, அதில் போய் லாஜிக் கேட்கிறாயே” என்றான் ஒருவன். “ஆறாயிரம் டாலரில் எடுத்த படத்தில் இவ்வளவுதான் வரும்” என்றான் இன்னொருவன்.

எனக்குப் புரியாதது என் குறையா? பணம் இல்லாததால் வருகிற குறையா? அல்லது வேண்டுமென்றே குழப்புகிறார்களா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நாங்களும் ஒரு குறும்படம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒரே வீடு, ஒரே நடிகை, மூன்று நாள் ஷூட்டிங். எல்லாமே அவள் மனதில் நடந்தது என்று கடைசியில் தெரியவரும்.

கே.,
திருச்சி

*

அன்புள்ள கே.,

உங்களுக்குப் புரியாமல் போனது உங்கள் குறை இல்லை. நீங்கள் கவனமாகப் பார்த்ததால்தான் ஒட்டவில்லை. இதை விரிவாகப் பேச வேண்டுமென்றால் மூன்று நான்கு படங்களின் முடிவுகளைச் சொல்லியாக வேண்டும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

‘லா காசா மூதா’ 2010ல் வந்தது. இயக்குநர் குஸ்தாவோ ஹெர்னாந்தெஸ். சுமார் 6,000 டாலரில், நான்கு நாளில், கேனான் 5டி மார்க் 2 என்கிற ஸ்டில் கேமராவில் எடுத்து, கான் விழாவின் இயக்குநர்கள் பிரிவு வரை கொண்டுபோனார்கள். அந்தத் துணிச்சலை நான் மனதார மதிக்கிறேன். லாராவும் அவள் அப்பாவும் பாழடைந்த ஒரு வீட்டைச் சுத்தம் செய்ய வருகிறார்கள். மாடிக்குப் போகாதீர்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போகிறார். இரவில் மேலே சத்தம். இருட்டில் போலராய்டு கேமராவின் ஃபிளாஷை அடித்து அடித்து அவள் அறையைப் பார்க்கிற இடம் இருக்கிறதே, அந்த ஒரு காட்சிக்காகவே படத்தைச் சிபாரிசு செய்வேன். வெளிச்சம் ஒரு நொடி, அப்புறம் கும்மிருட்டு. அடுத்த ஃபிளாஷில் என்ன தெரியப்போகிறது என்று நம் கண்தான் தவிக்கிறது. அதற்குப் பைசா செலவில்லை. ஆகவே ஆறாயிரம் டாலரில் இவ்வளவுதான் வரும் என்பது சரியில்லை. நீங்கள் நாலு பேரும் போனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தது அதே ஆறாயிரம் டாலரில்தான்.

படம் எங்கே உடைகிறது என்று பார்ப்போம். 78 நிமிடத்தையும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்ததாக விளம்பரம் செய்தார்கள். அந்தக் கேமராவில் ஒரே மூச்சில் சுமார் 12 நிமிடம்தான் பதிவாகும் என்பதால் இடையில் ஒட்டியிருப்பார்கள் என்று பலரும் சொன்னார்கள். ஒட்டியிருக்கட்டும், அது பெரிய விஷயமில்லை. ஒரே ஷாட் என்று நம்மை நம்பவைத்தால் அதோடு ஒரு நிபந்தனையும் வந்துவிடுகிறது. வெட்டு உள்ள படத்தில் இரண்டு ஷாட்டுக்கு நடுவே நேரம் மறைந்திருக்கலாம். நமக்குக் காட்டாத ஒரு காரியத்தை அந்த இடைவெளியில் ஒளித்துவைத்து, கடைசியில் வெளியே எடுக்கலாம். வெட்டே இல்லாத படத்தில் ஒளித்துவைக்க இடம் கிடையாது. நாம் லாராவோடு நிமிடத்துக்கு நிமிடம் கூடவே இருந்திருக்கிறோம். அவள் எழுப்பி, அப்பா மாடிக்குப் போகிறார். கேமரா அவளோடு கீழேயே நிற்கிறது. மேலே ஏதோ நடக்கிறது. அப்பாவைக் கொன்றது லாராதான் என்று படம் கடைசியில் சொல்கிறது. அவள் கீழே நிற்கும்போது மேலே யார்?

“அவள் மனசு” என்பார் உங்கள் நண்பர். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். நாம் பார்த்தது முழுக்க அவள் நம்பிய கதை. அப்படியானால் அதே நிமிடங்களில் அவள் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தாள்? ஒளிந்து மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாளே, அப்போது அவள் உடம்பு எந்த அறையில் இருந்தது, கையில் என்ன இருந்தது? நிஜ நேரத்தில் ஓடும் படம் இது. நடந்தது ஒரு கதை, அவள் நம்பியது ஒரு கதை என்று இரண்டு இருந்தால், ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்க முடிய வேண்டும். இந்தப் படத்தில் முடியாது. இரண்டாம் முறை பாருங்கள், தெரியும். முடிவு தெரிந்த பிறகு நல்ல படத்தில் புதுசு புதுசாகக் கண்ணில் படும். இதில் ஒவ்வொரு காட்சியும் கேள்வி கேட்கிறது.

இதைவிட அதிகப் பணத்தில் எடுத்த ‘ஹை டென்ஷன்’ என்ற 2003ன் பிரெஞ்சுப் படத்திலும் இதே கோளாறுதான். கொலைகாரன் வேறு யாருமில்லை, கதாநாயகியே என்று முடிவு. ஆனால் அவள் தோழியோடு காரில் வந்துகொண்டிருக்கும்போதே அந்த ஆள் தன் வண்டியில் வேறெங்கோ உட்கார்ந்திருப்பதைப் படம் காட்டிவிட்டது. பணம் கூடினாலும் இந்த ஓட்டை அடைபடுவதில்லை.

என் கருத்து இதுதான்: இப்படிப்பட்ட படங்களில் கேமரா பார்ப்பது யாருடைய பார்வை என்று எடுத்தவர்களே முடிவு செய்திருப்பதில்லை. பயமுறுத்த வேண்டிய இடத்தில் கேமரா அவள் மனசு. நம்மை ஏமாற்ற வேண்டிய இடத்தில் அதே கேமரா வெளியாள், நடந்ததை நடந்தபடி பார்க்கிற சாட்சி. வசதிக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். நமக்கு வருகிற எரிச்சல் கதை புரியாததால் வருவதல்ல. நம்பிப் பார்த்தோம், அந்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டு ஒன்றும் திருப்பித் தரவில்லை என்பதால் வருவது. கடைசித் திருப்பத்தை நம்பி முதல் பாதியில் இஷ்டத்துக்குப் பயமுறுத்துவது, மாதச் சீட்டில் முதல் மாதமே பணத்தை எடுப்பது மாதிரி. மீதித் தவணை ஒவ்வொன்றையும் கட்டியாக வேண்டும்.

அப்படியானால் எல்லாமே கணக்காகப் பொருந்த வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ பாருங்கள். 1962, சுமார் 33,000 டாலர். எடுத்தவர் ஹெர்க் ஹார்வி, அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் என்ற ஊரில் கல்விப் படங்களும் தொழிற்சாலைகளுக்கான படங்களும் எடுத்துக்கொண்டிருந்தவர். சால்ட் லேக் ஏரிக்கரையில் பாழடைந்து நின்ற சால்ட்ஏர் என்ற கேளிக்கை மண்டபத்தைக் காரில் போகும்போது பார்த்தார், படம் பிறந்தது. முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு பேயாக வருவதும் அவரேதான். பாலத்திலிருந்து கார் ஆற்றில் விழுகிறது. மேரி என்ற பெண் மட்டும் கரையேறி வருகிறாள், வேறு ஊரில் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் வேலைக்குப் போகிறாள். கடைசியில் ஆற்றிலிருந்து காரைத் தூக்கும்போது உள்ளே அவள் உடலும் இருக்கிறது.

கணக்குப் பார்த்தால் இதுவும் உதைக்கும். செத்தவளுக்கு எப்படி வாடகைக்கு அறை கொடுத்தார்கள்? பக்கத்து அறைக்காரன் யாரிடம் வழிந்தான்? ஆனால் படம் பார்க்கும்போது அந்தக் கேள்வி வருவதே இல்லை. ஏனென்றால் ஹார்வி ஒரு விதியை வைத்துக்கொண்டு அதைக் கடைசிவரை மீறவில்லை. உலகம் மேரியைக் கைவிடும்போதெல்லாம் சத்தம் நின்றுபோகும். துணிக்கடையில் உடை மாற்றும் அறையில் நிற்கிறாள். படம் தண்ணீர் போல ஒரு முறை அலைகிறது. வெளியே வந்தால் கடைப் பெண் அவளைப் பார்க்கவில்லை. தெருவில் இறங்குகிறாள், ஜனம் நடக்கிறது, கார் ஓடுகிறது, ஒரு ஓசை இல்லை. அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. பூங்காவில் ஒரு பறவை கத்தியதும் சத்தம் எல்லாம் திரும்பி வருகிறது. இன்னொரு முறையும் இப்படி நடக்கும்போது, அவளுக்கு முன்னாலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த அலையும் தண்ணீரும் முடிவில் வருகிற ஆறும் ஒன்றே என்று பிறகுதான் உறைக்கிறது. ஒலிப்பதிவில் சத்தத்தை நிறுத்த எவ்வளவு செலவாகும்? புரிய வேண்டியதைப் புரியவைக்கப் பணம் தேவைப்படவில்லை.

இன்னொன்று, 2001ல் பிராட் ஆண்டர்சன் எடுத்த ‘செஷன் 9’. பட்ஜெட் 15 லட்சம் டாலர்தான். மாசசூசெட்ஸில் டான்வர்ஸ் என்ற பழைய மனநல மருத்துவமனை 1992ல் மூடப்பட்டுக் கிடந்தது. அதன் சுவரும் தூணும் உரிந்த பெயின்ட்டும் அப்படியே செட் ஆயின. ஆஸ்பெஸ்டாஸ் அகற்ற வந்த ஐந்து தொழிலாளர்கள், அவர்களுக்குத் தலைவன் கார்டன். வீட்டில் மனைவியோடு ஏதோ மனத்தாங்கல், அடிக்கடி போனில் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். மறுமுனையில் மனைவியின் குரலை நமக்குக் கேட்கவிடவே மாட்டார்கள். முதல் முறை பார்க்கும்போது அது தோன்றாது. மனைவியை அவன் எப்போதோ கொன்றுவிட்டான், பேசிக்கொண்டிருந்தது உடைந்த போனில் என்று தெரியும்போது, நம்மிடம் படம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்று புரியும். அந்தக் கட்டடத்தில் தங்கியிருக்கும் ஒரு வீடற்ற பெண்ணின் கிளைக்கதையையும் எடுத்திருந்தார்கள், பிறகு முழுக்க வெட்டிவிட்டார்கள். நல்ல முடிவு. அந்தப் பெண் எல்லாவற்றையும் பார்க்கிற இன்னொரு ஜோடிக் கண். அவள் இருந்திருந்தால் நாம் யாருடைய பார்வையில் இருக்கிறோம் என்பது சிதறியிருக்கும்.

பணக்குறைவுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று நாள் ஷெட்யூலில் இரண்டாம் நாள் மழை வந்தால் நாலு காட்சி போச்சு. அந்த நாலில் ஒன்றுதான் முடிவுக்கு ஆதாரமாக இருந்திருக்கும். விடுபட்டதை எடுக்கும் பேட்ச் ஒர்க்குக்கு வீட்டுக்காரர் மறுபடி சாவி தர மாட்டார். ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் பொருந்துகிறதா என்று கன்டினியூட்டி பார்க்க ஆள் கிடையாது, அசிஸ்டென்ட்தான் விளக்கும் பிடிப்பார், ஷாட்டும் எழுதுவார். எழுதியவர், இயக்கியவர், எடிட் செய்தவர் மூவரும் ஒருவரே. அவர் தலைக்குள் கதை முழுசாக இருப்பதால் திரையில் இல்லாததும் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. அப்புறம் பின்னணி இசைக்கு உட்காரும்போது எங்கே மந்தமாக இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு ‘டமார்’ வைக்கிறார்கள். அந்தச் சத்தம் கதைக்குள் யார் காதிலும் விழுவதில்லை. நாம் மட்டும் துள்ளுகிறோம். அந்த நொடியில் படம் அவள் மனசுக்குள் இல்லை, தியேட்டருக்குள் வந்துவிட்டது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மனசு கலங்கியவளுக்கு எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று எழுதுகிறோமே, அது மனநோயைப் பற்றி ஒன்றும் தெரியாமல் எழுதுவது. தீவிர மனப்பிறழ்வில் வருகிற பிரமைகளில் மிகவும் பரவலானது காதில் விழும் குரல்கள். ஓடியாடி, கதவை உடைத்து, வசனம் பேசுகிற முழு மனிதர்கள் அல்ல. தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று நம்புகிறவர் குழப்பமாக யோசிப்பதில்லை. எதிர்வீட்டு விளக்கு, வாசலில் நின்ற பைக், தவறி வந்த போன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அந்த ஒரு நம்பிக்கைக்குச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டே போவார். நம்மைவிடக் கறாரான தர்க்கம் அது. அந்தக் கறாரைத் திரையில் கொண்டுவந்தால் பார்ப்பவருக்கு வயிறு கலங்கும். அதோடு, இவர்கள் பிறரைத் தாக்குவதைவிடத் தாக்கப்படுவதே அதிகம். நோயாளியையே கொலையாளியாக்கி முடிக்கும் ஒவ்வொரு படமும், சிகிச்சைக்குப் போகத் தயங்கும் ஒரு குடும்பத்தை இன்னும் தயங்கவைக்கிறது. உங்கள் கதையில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியுமா? தெரியாவிட்டால் ஒரு மனநல மருத்துவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள்.

உங்கள் குறும்படத்துக்கு வருகிறேன். திரைக்கதையைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த இரவில் அந்த வீட்டில் உண்மையில் என்ன நடந்தது என்று மணிவாரியாக எழுதுங்கள். எட்டு மணிக்கு அவள் எங்கே, எட்டே காலுக்குக் கதவைத் திறந்தது யார், ரத்தம் யாருடையது. திரையில் அதில் ஒரு வரிகூட வராமல் போகலாம், பரவாயில்லை. உங்கள் நடிகைக்கும் கேமராமேனுக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். பயந்து ஒளிகிறாளா, பயந்ததாக நம்பிக்கொண்டு வேறெதையோ செய்கிறாளா என்று தெரியாத நடிகை வெறும் பயத்தைத்தான் நடிப்பார். லென்ஸை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் அந்தத் தாளில்தான் பதில் இருக்கும். ஷூட்டிங்கில் ஒரு காட்சி விழுந்துவிட்டால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பதறாமல் முடிவெடுக்கவும் அதுதான் உதவும்.

எடிட் முடித்ததும் கதை தெரியாத இரண்டு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். பிடித்ததா என்று கேட்காதீர்கள், என்ன நடந்தது என்று கேளுங்கள். இருவரும் வேறு வேறு சொன்னால் கவலை இல்லை. இருவராலும் ஒன்றுமே சொல்ல முடியாவிட்டால் எடிட்டிங் டேபிளுக்குத் திரும்புங்கள்.

முடிந்தால் அந்த மணிவாரித் தாளை எனக்கும் அனுப்புங்கள். திரைக்கதையைப் பிறகு படிக்கிறேன், முதலில் அதைப் படிக்க ஆசைப்படுகிறேன்.

அன்புடன்.