பாடத்திட்டத்தைத் திருப்பி அனுப்புங்கள்

கேள்வி: கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். பிரிட்டன் பல்கலைக்கழகம் ஒன்று, ‘காலனிய நீக்கம்’ (காலனி ஆட்சியின் பார்வையிலிருந்து பாடத்தை விடுவிப்பது) என்ற நோக்கில், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி ஆறு வார இணையவழிக் கூட்டு வகுப்பு நடத்த அழைக்கிறது. பாடத்திட்டத்தையும் அவர்களே எழுதி அனுப்பிவிட்டார்கள். ஏற்கலாமா?

பதில்: அழைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், பாடத்திட்டத்தைத் திருப்பி அனுப்புங்கள். நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006-இல் தனி மையம் தொடங்கி வளர்த்த ‘காயில்’ (COIL) என்ற இணையவழிக் கூட்டு வகுப்பு முறையின் அடிப்படையே, இரு பக்க ஆசிரியர்களும் சேர்ந்து பாடத்தை அமைப்பதுதான். அவர்கள் சமைத்ததை நீங்கள் பரிமாறுவதற்கு எதற்கு இத்தனை பெரிய பெயர்? ‘மூன்று வாரம் உங்களுக்கு, மூன்று வாரம் எங்களுக்கு’ என்று பாகம் பிரிக்க வந்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் முன்வைக்க நல்ல பொருள் ஒன்று உண்டு: கப்பலில் போன கூலிகளின் பட்டியல். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதுமுதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் போனார்கள். அந்தப் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், அங்க அடையாளம் என்று ஆளுக்கு ஒரு வரி. குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர்கள். பிரிட்டன் மாணவருக்குப் புரியாத அந்த எழுத்துக்கூட்டலை உங்கள் மாணவி ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே ஆளின் பெயரையும் ஊரையும் பிடித்துவிடுவார். இரு நாட்டு மாணவர்களையும் ஜோடி சேர்த்து, ஆளுக்கொரு பக்கத்தை மீட்டெழுதச் சொல்லுங்கள். சாதிக் கட்டம் வரும்போது நம் வகுப்பு நெளியும். அதைத் தாண்டிப் போகாதீர்கள். வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டு எழுந்துகொள்வது சுலபம். முடிந்தால் டர்பனிலிருந்தும் ஓர் ஆசிரியரைக் கேளுங்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் கதையை அவர்கள் இல்லாமல் பேசுவது முறையாகாது.

நேரலை வகுப்பு வாரம் ஒரு மணி நேரம் போதும். பிரிட்டனில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் கடிகாரம் மாறும், நம் நேரப்படி மாலை 3.30 மணி வகுப்பு, மார்ச் மாற்றத்துக்குப் பின் 2.30 ஆகிவிடும். டேட்டா தீர்ந்துபோகும் மாணவருக்குக் குரல் பதிவை அனுமதியுங்கள். தமிழிலேயே பேசட்டும், மொழிபெயர்ப்பு குழுவின் வேலை.

மதிப்பெண்ணை முதலிலேயே பேசிவிடுங்கள். அங்கே கிரெடிட், இங்கே வெறும் சான்றிதழ் என்றால் மூன்றாம் வாரம் உங்கள் வகுப்பில் பாதி இருக்காது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுவில் வைத்துக் கிரெடிட் கேளுங்கள். இல்லையென்றால், அகமதிப்பீட்டில் ஓர் அசைன்மென்ட்டாகவாவது சேர்த்துவிடுங்கள்.