மாமியாரை ஏன் உள்ளறையில் வைத்தீர்கள்?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். பாடத்தை வரி மாறாமல் ஒப்பிப்பாள். 'ஒப்பிட்டு எழுதுக' என்று வந்தால் மட்டும் ஐந்துக்கு இரண்டுதான். போன தேர்வில் வானிலைக்கு ஒரு பத்தி, காலநிலைக்கு ஒரு பத்தி எழுதினாள். 'ஒப்பிடவே இல்லை' என்று டீச்சர் குறித்துவிட்டார். அறுபது இணைப்புச் சொற்களை மனப்பாடம் செய்ய வைக்கிறேன். தமிழ் காதில் விழுந்து குழம்பக்கூடாதென்று, ஆறு முதல் எட்டு மணிவரை மாமியாரை உள்ளறையில் இருக்கச் சொல்லிவிடுவோம். டியூஷனை மாற்றலாமா?
— ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: டியூஷன் கிடக்கட்டும். மாமியாரை எதற்கு உள்ளே உட்கார வைத்தீர்கள்? போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு உறுத்தியது அதுதான். வீட்டுப் பெரியவரை தினமும் இரண்டு மணி நேரம் வாயைக் கட்டி வைப்பது மரியாதைக் குறைவு. படிப்புக்கும் அதுதான் கேடு.

"ரெண்டும் ஒரே நெல்லுதான். ஆனா அவிச்சுக் காயவெச்சுக் குத்தினா புழுங்கல், அவிக்காம குத்தினா பச்சரிசி. இட்லிக்குப் பச்சரிசியைவிட புழுங்கல்தான் சரி." எந்தப் பாட்டியும் அடுப்படியில் சொல்வதுதானே இது? 'ரெண்டும்', 'ஆனா', 'விட' என்று அவர் சொல்வதைத்தான் உங்கள் பட்டியல் 'போத்', 'பட்', 'தேன்' என்கிறது.

உங்கள் மகளிடம் இல்லாதது சொல் அல்ல, எதை வைத்து ஒப்பிடுவது என்கிற அடிப்படை. தாளில் மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள். நடுக் கட்டம் வானிலைக்கு, வலது கட்டம் காலநிலைக்கு, இடது கட்டத்தின் தலைப்பு 'எதை வைத்து'. அதன் கீழே: எவ்வளவு காலம், எவ்வளவு சீக்கிரம் மாறும், எவற்றை அளக்கிறோம். இது நிரம்பும்வரை ஒரு வாக்கியமும் எழுதக்கூடாது. பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே வாக்கியம், அதில் இரண்டு பெயரும் இருக்க வேண்டும். வெப்பம், மழை, காற்று இரண்டுக்குமே பொது. வானிலை இன்றைக்கும் நாளைக்குமானது. காலநிலையோ வழக்கமாக 30 ஆண்டுச் சராசரி. செம்பூரில் இன்று சாயங்காலம் கொட்டிய மழை வானிலை. மும்பைக்கு ஜூனில் பருவமழை வரும் என்பது காலநிலை. இப்படி எழுதினால் தனித்தனிப் பத்தி தானாக நின்றுவிடும்.

அறுபதைத் தூக்கிப் போடுங்கள். வாரம் மூன்று போதும். முதல் வாரம் 'போத்', 'லைக்', 'பட்'. அடுத்த வாரம் 'தேன்', 'வேர்அஸ்' (மறுபக்கமோ), 'அன்லைக்'. சறுக்குவது பெரும்பாலும் 'வேர்அஸ்'ஸில்தான்: "வானிலை தினமும் மாறும், வேர்அஸ் காலநிலையில் மழையும் உண்டு" என்று எழுதுவார்கள். சொல் சரி, வரிசை வேறு. ஒரு பக்கம் மாற்றத்தைச் சொன்னால் மறுபக்கமும் மாற்றத்தையே சொல்ல வேண்டும். 'டிஃபரண்ட்' என்று எழுதி நிறுத்தினால், எதில் என்று கேளுங்கள்.

அதைக் கேட்க உங்களைவிடப் பொருத்தமானவர் பாட்டிதான். அவருக்குப் பாடம் தெரியாது, ஆகவே பேத்தி விளக்கியே ஆக வேண்டும். முதல் பத்து நிமிடம் தமிழில் அவரிடம் சொல்லட்டும், பிறகு இங்கிலீஷில் எழுதட்டும். பாட்டிக்குப் புரியாத வரிசை தாளிலும் காலியாகத்தான் இருக்கும்.

இன்று ஆறு மணிக்கு, முதலில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு படிக்கும் மேசைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.